மாதிரியில் தேறியது உற்பத்தியில் தேறுமா?

ஒரு மாதிரி சோதனையில் தேறிவிட்டால், அந்தத் தேர்ச்சி அந்த மாதிரிக்கு மட்டுமே உரியது. உற்பத்தி வசதிக்காக வரைபடத்தில் ஒரு கோடு மாறினாலும் மறுபடி சோதிக்க வேண்டும் என்பதை, உதிரிபாகத் தர ஆய்வில் பணிபுரியும் நான், புதிதாக வரும் பொறியாளர்களுக்கு அமெரிக்கத் தரைப்படையின் எம்1 காரண்ட் துப்பாக்கியைக் காட்டியே விளக்குவது வழக்கம்.

முதல் உலகப் போருக்குப் பின், ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகத்தை) கையால் இழுக்கத் தேவையில்லாத அரைத்தானியங்கித் துப்பாக்கியை அப்படை தேடியது. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச்சாலையில் ஜான் காரண்ட் முதலில் வடிவமைத்தது, சுடும்போது தோட்டாவின் பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் அடிப்பகுதிச் சிறு மூடி) பின்னோக்கி நகரும் அசைவைக் கொண்டு இயங்கியது. 1925 வாக்கில் தோட்டாவின் வெடிமருந்து மாறி, பிரைமரும் இறுக்கிப் பொருத்தப்பட்டதால் அந்த வழி அடைபட்டது. அவர், சுடும்போது எழும் வாயுவின் விசையால் இயங்கும் வடிவத்துக்கு மாறினார். போட்டியாளர் ஜான் பெடர்சனின் துப்பாக்கிக்கோ மெழுகு பூசிய தோட்டா தேவைப்பட்டது. இருவரும் .276 அங்குல அளவுத் தோட்டாவுக்கு வடிவமைத்திருந்த நிலையில், 1932இல் தலைமைத் தளபதி டக்ளஸ் மெக்கார்தர், .30 தோட்டாக் கையிருப்பையும் செலவையும் கருதி, அளவை மாற்ற மறுத்துவிட்டார். பொருளாதார மந்தத்தின் நடுவே அது நியாயமான முடிவென்றே கருதுகிறேன். ஆனால் .30 தோட்டா பெரியது என்பதால், தோட்டாக்களைச் சேர்த்துப் பிடித்து ஒரே முறையில் துப்பாக்கியில் செருகும் கிளிப்பின் கொள்ளளவு பத்திலிருந்து எட்டாகக் குறைந்தது.

1936 ஜனவரியில் எம்1 என்ற பெயரில் ஏற்கப்பட்ட அத்துப்பாக்கி, 1937இல் உற்பத்திக்கு வந்தது. பின்னர் ஒரு விசித்திரக் கோளாறு தலைகாட்டியது: கிளிப்பின் ஏழாவது தோட்டா அடிக்கடி சிக்கிக்கொண்டது. டூல் ரூமில் (ஒவ்வொன்றாகச் செய்யும் கருவிப் பட்டறையில்) செய்த மாதிரிகளில் இந்தக் குறையே இல்லை. ரிசீவருக்குள் (போல்ட்டும் கிளிப்பும் அமரும் நடு உடல் பாகத்துக்குள்) கிளிப்பை நேராகத் தாங்கும் விலா போன்ற மேடு ஒன்று உண்டு. உற்பத்திக் கருவிகளை வடிவமைத்தபோது, உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் கட்டரைத் தடையின்றி ஓடவிடும் வசதிக்காக அம்மேட்டின் சிறு பகுதியையும் சேர்த்துச் செதுக்கிவிட்டார்கள். தோட்டாக்கள் குறைந்து கிளிப் லேசானதும், பிடிமானமின்றிச் சாய்ந்தது. எங்கள் துறையிலும் இத்தகைய மாற்றம், எவரும் தவறிழைக்காமலேயே, ‘சிறு வசதி’ என்ற பெயரில் நுழைந்துவிடுகிறது. அதனால்தான் முதல் உற்பத்தித் தொகுதியிலிருந்து எடுத்த பாகங்களைக் கொண்டே முழுச் சோதனையையும் மறுபடி நடத்த வேண்டும் என வலியுறுத்துகிறேன்.

காரணம் புலப்பட்டதும் வரைபடம் திருத்தப்பட்டது; ஏற்கெனவே முடிந்த ரிசீவர்களில், வெட்டப்பட்ட இடத்தில் வெல்டிங் மூலம் உலோகம் சேர்த்துச் சரிசெய்தார்கள். குழல் முனையில் வாயுவைப் பிடித்த அமைப்பும் 1940இல் கைவிடப்பட்டு, குழலிலேயே துளையிட்டு வாயுவை எடுக்கும் முறை உற்பத்திக்கு வந்தது. அந்த வடிவில்தான் இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் ஏறத்தாழ 40 லட்சம் துப்பாக்கிகள் செய்யப்பட்டன.