ஜெர்ரிமேண்டரிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

தொகுதி மறுவரையறை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ‘ஜெர்ரிமேண்டரிங்’ என்ற சொல்லும் பின்னாலேயே வந்துவிடுகிறது. விவாதத்தில் ஒருவர் இரண்டையும் ஒரே பொருளில் சொல்கிறார். எதிரே இருப்பவரும் திருத்துவதில்லை. ஆனால் மறுவரையறை என்பது ஒரு வேலையின் பெயர். மக்கள்தொகை கூடினாலும் குறைந்தாலும் தொகுதியின் எல்லையை மாற்றித்தான் ஆக வேண்டும். அந்த வேலையை ஒரு கட்சிக்கோ ஒரு பிரிவினருக்கோ ஆதாயம் வரும்படி வேண்டுமென்றே கோணலாகச் செய்தால் அது ஜெர்ரிமேண்டரிங். கணக்கு எழுதுவதற்கும் பொய்க்கணக்கு எழுதுவதற்கும் ஒரே பெயர் வைத்தால் எவ்வளவு குழப்பமோ, அவ்வளவு குழப்பம் இதிலும் இருக்கிறது.

இந்தச் சொல்லுக்குச் சொந்த ஊரும் உண்டு, பிறந்த வருடமும் உண்டு.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1810 முதல் 1812 வரை ஆளுநராக இருந்தவர் எல்பிரிட்ஜ் கெர்ரி. 1776ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். 1787இல் அரசியல் சட்டம் எழுதக் கூடிய மாநாட்டில் கடைசிவரை உட்கார்ந்திருந்துவிட்டு, குடிமக்களின் உரிமைகளுக்கு அதில் போதிய உறுதி இல்லை என்பது போன்ற காரணங்களால் கையெழுத்திட மறுத்த மூவரில் இவரும் ஒருவர். அப்படிப்பட்டவரின் பெயர் இன்று ஒரு தேர்தல் சூழ்ச்சியின் பெயராக நிற்கிறது.

நடந்தது இதுதான். 1812 பிப்ரவரியில் அவருடைய ஜனநாயகக் குடியரசுக் கட்சி, மாநில மேலவைக்கான தொகுதிகளைப் புதிதாகப் பிரித்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்டுகளின் ஓட்டுகள் சில இடங்களில் மட்டும் குவிந்துகிடக்க வேண்டும், மற்ற இடங்களைத் தாங்கள் பிடிக்க வேண்டும் என்பது திட்டம். கெர்ரிக்கு இதில் மனமில்லை என்று பிற்பாடு அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய மருமகன் சொல்கிறார். மனமில்லாவிட்டாலும் கையெழுத்துப் போட்டார். எசெக்ஸ் மாவட்டத்தில் அப்படி உருவான ஒரு தொகுதி, ஊர்களை ஓரமாகவே பொறுக்கிக்கொண்டு மேலே ஏறி வளைந்து போனது. 1812 மார்ச் 26 அன்று ‘பாஸ்டன் கெஜட்’ பத்திரிகை அந்தத் தொகுதியின் வரைபடத்துக்குத் தலையும் நகமும் சிறகும் வைத்துக் கேலிச்சித்திரமாக அச்சிட்டது. பார்க்கச் சலமாண்டர் போல இருந்தது. கெர்ரியும் சலமாண்டரும் சேர்ந்து ‘கெர்ரிமேண்டர்’ ஆனது. முதலில் யார் வாயில் இந்தச் சொல் வந்தது என்பதற்கு இரண்டு மூன்று கதைகள் உண்டு.

சலமாண்டர் என்பது பல்லி போன்ற நீண்ட உடலும் தவளை போன்ற ஈரத்தோலும் கொண்ட உயிரினம். பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது. நெருப்பிலும் வாழும் என்று பழைய ஐரோப்பியர்கள் அதைப் பற்றி நம்பினார்கள். தமிழ்நாட்டில் இந்த உயிரினம் கிடையாது. அதனால்தான் இந்தச் சொல்லை அப்படியே பிரித்துத் தமிழாக்க முயன்றால் ஒன்றும் தேறாது. நமக்குத் தெரியாத ஒரு ஆளுநர், நாம் பார்த்திராத ஒரு விலங்கு. இரண்டையும் ஒட்டினால் தமிழ்க் காதுக்கு என்ன புரியும்?

புதிய தொகுதிகளோடு 1812இல் நடந்த மேலவைத் தேர்தலில் ஃபெடரலிஸ்டுகளுக்கு 51,766 ஓட்டு, கெர்ரியின் கட்சிக்கு 50,164 ஓட்டு. மேலவையில் கிடைத்த இடங்களோ கெர்ரியின் கட்சிக்கு 29, ஃபெடரலிஸ்டுகளுக்கு 11. ஆனால் ஆளுநர் தேர்தலுக்குத் தொகுதி எல்லை கிடையாது, மாநிலம் முழுக்க ஒரே ஓட்டு. அதில் கெர்ரி தோற்றார். அடுத்த ஆண்டு துணைக் குடியரசுத் தலைவரானார். 1814இல் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். உச்சரிப்பும் காலப்போக்கில் மாறிவிட்டது. அவர் பெயர் கெர்ரி. சொல்லை இன்று உலகம் ‘ஜெர்ரி’ என்றே உச்சரிக்கிறது.

சரி, குறைந்த ஓட்டில் அதிக இடம் எப்படிக் கிடைக்கிறது? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 வாக்காளர்கள், ஐந்து தொகுதிகள், தொகுதிக்குப் பத்துப் பேர். ‘அ’ கட்சிக்கு 30 பேர், ‘ஆ’ கட்சிக்கு 20 பேர். கோடு போடும் உரிமை ‘ஆ’ கட்சியிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் இரண்டு தொகுதிகளில் ‘அ’ ஆட்களை ஒன்பது ஒன்பதாக அடைத்துவிடுகிறார்கள். 18 பேர் அங்கேயே தீர்ந்துபோனார்கள். மிச்சமுள்ள 12 பேரை மூன்று தொகுதிகளில் நாலு நாலாகப் பிரித்து விடுகிறார்கள். அந்த மூன்றிலும் ‘ஆ’ கட்சிக்கு ஆறு பேர் இருப்பார்கள். மூன்றுக்கு இரண்டு என்று ‘ஆ’ ஆட்சிக்கு வந்துவிடும். ஒரு ஓட்டுகூடக் கள்ள ஓட்டு இல்லை. ஒரு பெட்டியும் தூக்கப்படவில்லை. முதலில் செய்ததைக் குவித்தல் என்றும், இரண்டாவதாகச் செய்ததைச் சிதறடித்தல் என்றும் சொல்லலாம். ஜெர்ரிமேண்டரிங் வேலையில் இந்த இரண்டும்தான் அடிப்படை.

கணக்காகச் சொன்னால் விளையாட்டுப் போல இருக்கிறது. மனிதர்கள் மேல் நடந்ததைப் பார்த்தால் அப்படி இருக்காது. அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ என்று ஒரு ஊர். கறுப்பின மக்களுக்கான புகழ்பெற்ற கல்வி நிலையம் இருக்கும் ஊர். அங்கே கறுப்பின வாக்காளர்களின் எண்ணிக்கை மெல்லக் கூடிக்கொண்டு வந்தது. 1957இல் மாநிலச் சட்டமன்றம் ஊரின் எல்லையையே மாற்றியது. சதுரமாக இருந்த ஊர் 28 பக்கங்கள் கொண்ட உருவமானது. ஏறக்குறைய 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேர் தவிர மற்ற எல்லாரும் ஊருக்கு வெளியே போனார்கள். வெள்ளையர் ஒருவர்கூட வெளியே போகவில்லை. வீடு நகரவில்லை, தெரு நகரவில்லை, எல்லை மட்டும் நகர்ந்தது. அந்தக் கல்வி நிலையத்தின் பேராசிரியர் சார்லஸ் கோமிலியன் வழக்குப் போட்டார். 1960இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இது நிறத்தின் பெயரால் ஓட்டுரிமையைப் பறிக்கும் செயல் என்ற குற்றச்சாட்டை அரசியல் சட்டம் ஏற்கும் வழக்காகவே பார்க்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. என்னைப் பொறுத்தவரை, இந்தச் சொல்லின் உண்மையான கனம் தெரிவது பாஸ்டன் கேலிச்சித்திரத்தில் இல்லை, டஸ்கிகீயின் அந்த 28 பக்கங்களில்தான்.

இரண்டே ஆண்டில் ‘பேக்கர் எதிர் கார்’ வழக்கு வந்தது. டென்னசி மாநிலம் 1901க்குப் பிறகு தொகுதிகளைத் திருத்தவே இல்லை. நகரங்கள் பெருத்துவிட்டன, ஆனால் இடங்கள் கிராமத்துப் பக்கமே கிடந்தன. இதில் நீதிமன்றம் தலையிடலாம் என்று 1962இல் முடிவானது. 1964இல் ‘ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ்’ தீர்ப்பு, மாநிலத்தின் இரு அவைகளுக்கும் மக்கள்தொகை ஏறத்தாழச் சமமாக இருக்கும்படி தொகுதிகள் அமைய வேண்டும் என்றது. அலபாமா மேலவையில் அப்போது ஒரு தொகுதிக்கும் இன்னொரு தொகுதிக்கும் இருந்த வேறுபாடு 41க்கு 1 வரை போயிருந்தது.

இனத்தை வைத்துக் கோடு போட்டால் நீதிமன்றம் கேட்கும், எண்ணிக்கை ஏறுமாறாக இருந்தாலும் கேட்கும். கட்சியை வைத்துப் போட்டால்? இங்கேதான் பல ஆண்டு இழுபறி. வட கரோலினாவின் வரைபடத்தை 2016இல் தயாரித்தவர்களில் ஒருவர், குடியரசுக் கட்சிக்கு 10, ஜனநாயகக் கட்சிக்கு 3 என்று வரும்படி வரையச் சொன்னதாகவும், 11க்கு 2 என்று வரைய முடியும் என்று தோன்றாததால்தான் இதோடு நிறுத்தியதாகவும் வெளிப்படையாகவே சொன்னார். மேரிலாந்தில் இதே வேலையை ஜனநாயகக் கட்சி செய்திருந்தது. இரண்டு வழக்குகளையும் சேர்த்து 2019 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. இப்படிச் செய்வது ஜனநாயகத்துக்கு ஒவ்வாததாக இருக்கலாம், ஆனால் எவ்வளவு கோணினால் அளவு மீறியது என்று அளக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களிடம் அளவுகோல் இல்லை என்றது பெரும்பான்மை. நீதிபதி எலினா கேகன் கடுமையாக மறுத்து எழுதினார். எனக்குக் கேகன் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஓட்டுப் போட்டு மாற்ற முடியாதபடி செய்துவிட்ட ஒன்றை, ஓட்டுப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்வது எப்படிச் சரியாகும்?

நம் ஊரில் வரப்புத் தகராறு வந்தால் சர்வேயரைக் கூப்பிடுகிறோம். நிலத்துக்காரரில் ஒருவரே சங்கிலியைப் பிடித்து அளக்கட்டும் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டோம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சங்கிலி நிலத்துக்காரர் கையில் இருக்கிறது. சட்டமன்றப் பெரும்பான்மைதான் கோடு போடுகிறது. அரிசோனா, கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் அதைத் தனி ஆணையத்திடம் கொடுத்தன. ஆனால் 2025இல் டெக்சாஸ் பத்தாண்டுக் கணக்கெடுப்புக்குக் காத்திராமல் நடுவிலேயே வரைபடத்தை மாற்ற, பதிலுக்குக் கலிஃபோர்னியாவும் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி ஆணையத்தின் வரைபடத்தைத் தற்காலிகமாக ஒதுக்கி வைத்தது.

இந்தியாவில் முறை வேறு. மறுவரையறை ஆணையத்துக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தவரோ இருப்பவரோ ஆன நீதிபதி ஒருவர் தலைவர். தேர்தல் ஆணையர்கள் உறுப்பினர்கள். எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் கூட உட்காரலாம், அவர்களுக்கு வாக்கு கிடையாது. ஆணையத்தின் உத்தரவுக்குச் சட்டத்தின் வலு உண்டு, அரசியல் சட்டத்தின் 329ஆவது பிரிவு நீதிமன்றத்தின் கையைக் கட்டிவைத்திருக்கிறது. உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் இது உறுதியானது. அப்பட்டமாகத் தன்னிச்சையாக நடந்திருந்தால் நீதிமன்றம் பார்க்கலாம் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் கதவைத் திறந்தது. ஆணையம் இருப்பதாலேயே குறையே இல்லை என்றும் சொல்ல முடியாது. முஸ்லிம்கள் கணிசமாக இருக்கும் சில தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்படுவதையும், பட்டியல் சாதியினர் அதிகமுள்ள வேறு தொகுதிகள் பொதுவாகவே இருப்பதையும் முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழுவின் 2006ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது.

தமிழ்நாட்டில் நாம் அதிகம் பேசுவது இன்னொரு பிரச்சினையை. மக்களவையில் மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பது அது. 1962இல் நமக்கு 41 இடங்கள், 1967இலிருந்து 39. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்குத் தண்டனையா என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. 1976இல் அரசியல் சட்டத்தின் 42ஆவது திருத்தம் இடங்களின் எண்ணிக்கையை உறைய வைத்தது. 84ஆவது திருத்தம் அந்த உறைவை 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. இது முழுக்க முழுக்க இடப் பங்கீட்டுச் சண்டை. மாநிலத்துக்கு எத்தனை என்பது பங்கீடு. மாநிலத்துக்குள் எங்கே கோடு என்பது வரையறை. அந்தக் கோட்டை ஆதாயத்துக்காகக் கோணலாகப் போடுவதுதான் ஜெர்ரிமேண்டரிங். நம்முடைய குறை பங்கீட்டில் இருக்கும்போது அதை ஜெர்ரிமேண்டரிங் என்று சொன்னால், எதிர்த்தரப்பு எளிதாகத் தப்பித்துவிடும்.

அப்புறம், தமிழ்ச் சொல். முதலில் நம்மிடம் இருப்பதைப் பார்ப்போம். ‘தொகு’ என்றால் ஒன்று சேர். அதிலிருந்து வந்தது ‘தொகுதி’. மக்களைச் சேர்த்து வைத்த இடம். ‘வரை’ கோடும் ஆகும், எல்லையும் ஆகும். தமிழ்நாட்டில் ‘மறுவரையறை’ என்பதை இலங்கைத் தமிழர்கள் ‘எல்லை நிர்ணயம்’ என்கிறார்கள். கடல் தாண்டினால் பொருளே மாறும் சொற்களும் உண்டு: ‘தனித்தொகுதி’ என்றால் இங்கே பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியது, சிங்கப்பூரில் ஒரே ஒரு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி, அதாவது குழுத்தொகுதி அல்லாதது. ஆகவே நாம் எடுக்கும் சொல் இந்த மூன்று நாட்டுத் தமிழருக்கும் ஒரே பொருள் தர வேண்டும்.

‘கள்ள ஓட்டு’ போல ‘கள்ள எல்லை’ என்று வைக்கலாமா? கேட்டதும் பிடித்துவிடும் சொல்தான். ஆனால் கள்ள ஓட்டு குற்றம். ஜெர்ரிமேண்டரிங் பெரும்பாலும் சட்டமாகவே நிறைவேற்றப்பட்டு நடக்கிறது. அதில்தான் அதன் ஆபத்தே இருக்கிறது. ‘கள்ள’ என்ற அடைமொழி அதை மறைத்துவிடும். ‘வரப்பு வெட்டு’ அழகான சொல், ஆனால் வரப்பை வெட்டுகிறவர் நிலத்தைத் திருடுகிறார். இங்கே திருடப்படுவது ஓட்டின் பலன். ‘தொகுதிச் சீரமைப்பு’ கூடவே கூடாது. சீர்கெடுப்பதற்குச் சீர் என்று பெயர் வைத்தது போலாகும்.

நான் ‘தொகுதித் திரிப்பு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். திரித்தல் என்றால் கயிறு திரிப்பது போல முறுக்குவது. அந்த எசெக்ஸ் தொகுதியின் உருவத்துக்கு அது பொருந்தும். உள்ளதை மாற்றிக் காட்டுவதையும் திரித்தல் என்கிறோம். ‘வரலாற்றுத் திரிப்பு’ எல்லாருக்கும் பழகிய சொல். உருவக் கோணலும் உள்நோக்கமும் ஒரே வேர்ச்சொல்லில் கிடைத்துவிடுகின்றன. வினையாகவும் அடைமொழியாகவும் வளையும் என்பது இன்னொரு வசதி. ‘ஆளுங்கட்சி தொகுதிகளைத் திரித்துவிட்டது’ என்று செய்தியில் எழுதலாம். ‘திரித்த தொகுதி’ என்று வரைபடத்துக்குக் கீழே போடலாம். ‘மறுவரையறை நடக்கட்டும், தொகுதித் திரிப்பு கூடாது’ என்று மேடையில் பேசினால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் புரியும்.