கார் ஏசில வர்ற அந்த ஈரத்துணி நாத்தம் எங்கேருந்து வருது?

ஐப்பசி மழை நாலு நாள் விடாம பெஞ்சு ஓஞ்ச பிறகு காரை எடுத்து ஏசியைப் போட்டா முதல் பத்து செகண்ட்ல மூஞ்சில அடிக்குமே ஒரு வாடை, பக்கெட்ல ஊறப்போட்டு மறந்துபோன துணி மாதிரி, சில வண்டில புளிச்ச மாவு மாதிரி, சில வண்டில மழைல நனைஞ்ச சாக்ஸ் மாதிரி. எங்க வண்டில இது ரெண்டு மழைக்காலம் இருந்துச்சு. பின்சீட்ல உக்கார்ற என் பொண்ணுக்கு வீசிங் உண்டு, ஏசி போட்ட ரெண்டாவது நிமிஷம் தும்மல் ஆரம்பிச்சிடும், அதனாலதான் இதை விடாம தோண்டிப் பாத்தேன். ஒரு ஒர்க்ஷாப்ல கேஸ் கம்மியா இருக்கு ஃபில் பண்ணா சரியாயிடும்னாங்க, பண்ணோம், கூலிங் நல்லா வந்துச்சு, நாத்தமும் அப்படியே கூடவே வந்துச்சு. அந்த கேஸுக்கும் இந்த வாடைக்கும் சம்பந்தமே இல்லைனு அப்புறம்தான் புரிஞ்சுது. கேஸ் மூடின குழாய்க்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும், நாம மூச்சு விடுற காத்தோட அது கலக்குறதே இல்ல, லீக் ஆனாத்தான் கலக்கும், அப்படியே லீக் ஆனாலும் இன்னைக்கு நிறைய வண்டில இருக்கற ஆர் 134ஏ கேஸுக்கு சொல்லிக்கற மாதிரி மணம் கிடையாது.

விஷயம் முழுக்க தண்ணிதான்.

ஏசினா குளிர வைக்கிற மெஷின்னுதான் நாம நினைக்கிறோம், ஆனா அது பொறந்ததே ஈரத்தைப் பிடிக்கறதுக்காக. 1902ல நியூயார்க் புரூக்ளின்ல ஒரு அச்சகம், கோடைக்காலத்துல காத்துல ஈரம் ஏறி இறங்க ஏறி இறங்க பேப்பர் விரிஞ்சு சுருங்கி, ஒரு கலருக்கு மேல அடுத்த கலர் சரியா உக்காராம படம் கலைஞ்சு போச்சு. வில்லிஸ் கேரியர்ங்கற இளம் இன்ஜினியர் குளிர்ந்த குழாய்ங்க மேல காத்தை ஓட்டி அந்த ஈரத்தைப் பிடிச்சாரு, நவீன ஏசியோட ஆரம்பம்னு அதைத்தான் சொல்றாங்க. கம்பெனிலேயே பொருத்தின ஏசியோட கார் வந்தது 1940 மாடல் பேக்கார்ட்ல, அதுல கூலிங் காயில் பின்சீட்டுக்குப் பின்னாடி இருந்துச்சு. இப்ப நம்ம வண்டில அது டேஷ்போர்டுக்குள்ள, கண்ணுக்கே தெரியாத இடத்துல உக்காந்திருக்கு.

கூலிங் காயில்னு மெக்கானிக்குங்க சொல்றது அலுமினியத்துல செஞ்ச ஒரு சின்ன ரேடியேட்டர் மாதிரி இருக்கும். அந்த கேஸ் திரவமா உள்ள வந்து கொதிச்சு ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கும், அதனால வெளிப்பக்கம் 2லேருந்து 5 டிகிரி வரைக்கும் சில்லுனு இருக்கும், ரொம்ப இறங்கினா ஐஸ் கட்டிக்கும்னு, கேஸை அமுக்கி சுத்தவிடுற கம்ப்ரெஸர் அங்கேயே கட் ஆயிடும். இப்ப ஐஸ் தண்ணி ஊத்தின டம்ளரை டேபிள்ல வச்சா வெளில முத்து முத்தா வேர்க்குதுல்ல, அதேதான் இங்கயும். சென்னைல மழைக்காலத்துல 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம்னு வச்சுக்குங்க, ஒரு கன மீட்டர் காத்துல சுமார் 24 கிராம் தண்ணி ஆவியா கலந்திருக்கும், அதே காத்தை 8 டிகிரிக்கு இறக்கினா 8 கிராம் சொச்சம்தான் தாங்கும், மீதி 16 கிராமும் காயில்ல படிஞ்சே ஆகணும். அப்படி 100 கன மீட்டர் வெளிக்காத்து உள்ள போனா ஒன்றரை லிட்டர் தண்ணி! நின்ன காருக்கு அடியில சொட்டு சொட்டா விழுந்து குளம் கட்டுதே அந்தத் தண்ணிதான் இது, அதைப் பாத்து பதற வேண்டியதே இல்ல, சொட்டலைனாத்தான் கவலைப்படணும்.

ஆனா எல்லாத் தண்ணியும் சொட்டிடாது. காயில்ல தகடுங்களுக்கு நடுவுல இடைவெளி ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான், அந்தச் சந்துல தண்ணி ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு பாலம் மாதிரி நிக்கும், நீங்க வண்டியை ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்குள்ள போனதுக்கப்புறமும் ஒரு டம்ளர் அளவுக்குக்கூட அங்க தங்கலாம். கூடவே தூசி, பூந்தாது, கண்ணாடிக்குக் கீழ இருக்கற காத்து இழுக்குற வாய் வழியா வர்ற மக்கின இலைத்தூள், உள்காத்தையே திரும்பத் திரும்ப சுத்தவிடுற ரீசர்குலேஷன்ல நம்ம மேலேருந்து உதிர்ற தோல் துணுக்கு, துணிநூல், வண்டில வச்சு சாப்பிட்ட பஜ்ஜியோட எண்ணெய்ப்பசை, இதெல்லாம் ஈரத்துல ஒட்டிக்கும். இருட்டு, ஈரம், சாப்பாடு, என்ஜின் ஆஃப் ஆனா 30 டிகிரி வெதுவெதுப்பு. பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் இதைவிட என்ன வேணும்? கார் காயில்கள்ல மெத்திலோபாக்டீரியம்னு ஒரு பாக்டீரியா வகையும், பெனிசிலியம், கிளாடோஸ்போரியம் மாதிரி பூஞ்சைகளும் இருக்கறதை ஆராய்ச்சியாளர்கள் பாத்திருக்காங்க. அதுங்க தனித்தனியா சும்மா உக்காந்திருக்காது, வழவழனு ஒரு பிசினை சுரந்து அதுக்குள்ள கூட்டமா குடியிருக்கும், பயோஃபிலிம்னு பேரு, குளத்துப் படிக்கட்டுல பாசி வழுக்குதே அந்த மாதிரி ஒரு படலம். நமக்கு வர்ற நாத்தம் அதுங்க தின்னுட்டு வெளியவிடுற கரிம அமிலங்களும் மத்த ஆவியாகுற ரசாயனங்களும்தான். நம்ம மூக்கும் சாதாரணப்பட்டது இல்ல, மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின்ங்கற பொருளை லட்சம் கோடில சில பங்கு இருந்தாலே கண்டுபிடிச்சிடும், அதனால காயில்ல ஒரு மெல்லிசான படலம் இருந்தாலே போதும், வண்டி முழுக்க தெரியும்.

சரி, ஏன் ஏசி போட்ட உடனே மட்டும் அடிச்சிட்டு அப்புறம் குறைஞ்சிடுது? எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்ப பிடிச்ச இடம் இதுதான். காயில் சில்லுனு இருந்து தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும்போது வாடை மூலக்கூறுகள்ல நிறைய அந்தத் தண்ணில கரைஞ்சு டிரெயின் வழியா, அதாவது காயில் தண்ணி கீழ வடியற பைப் வழியா, வெளியே போயிடும், குளிர்ல ஆவியாகுறதும் கம்மி. எப்ப காயில் சூடேறி தண்ணி ஆவியாக ஆரம்பிக்குதோ அப்பத்தான் கரைஞ்சிருந்ததெல்லாம் சேர்ந்து காத்துல கிளம்பும். அதனாலதான் ராத்திரி முழுக்க நின்ன வண்டியை காலைல ஸ்டார்ட் பண்ணும்போதும், ஓடிக்கிட்டிருக்கும்போதே கம்ப்ரெஸர் கட் ஆகுற நேரத்துலயும் குப்புனு வருது. சிக்னல்ல தானா என்ஜின் ஆஃப் ஆகுற வண்டி வச்சிருக்கறவங்க கவனிச்சுப் பாருங்க, சிவப்பு லைட்ல ஒரு நிமிஷம் நின்னா போதும், காத்து புழுக்கமா மாறும்போதே வாடையும் கூட வரும். இந்த ரெண்டு நேரத்துல மட்டும் வந்துச்சுன்னா குத்தவாளி கூலிங் காயில்தான்னு கிட்டத்தட்ட முடிவே பண்ணிடலாம்.

எப்பவும் ஒரே மாதிரி அடிச்சா வேற எங்கயோ பாக்கணும். எலி செத்த நாத்தம்னா உண்மையிலேயே எலியா இருக்கும், காத்தைத் தள்ளுற ஃபேன் இருக்கற புளோயர் பக்கமும் ஃபில்டர் பெட்டிலயும் தேடுங்க. ஹீட்டர் போடும்போது இனிப்பா பாகு மாதிரி வாசனை வந்து கண்ணாடி உள்பக்கம் பிசுபிசுனு மங்குச்சுன்னா ஹீட்டர் காயில்லேருந்து கூலண்ட், அதாவது என்ஜினைக் குளிர வைக்கிற திரவம், ஒழுகுதுன்னு அர்த்தம். பெட்ரோல் வாடை, கருகின வாடை, புகை வாடை இதெல்லாம் தள்ளிப்போடவே கூடாது, அன்னைக்கே வண்டியைக் காட்டுங்க.

எங்க வண்டில காயில் மட்டும் காரணம் இல்ல. ஒருநாள் முன்பக்க இடது சீட்டுக்குக் கீழ மேட்டைத் தூக்கிட்டு கார்ப்பெட்டை அமுக்கினேன், கை நனைஞ்சுது. மேல தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கு, அடில இருக்கற ஸ்பான்ஜ் முழுக்க தண்ணி குடிச்சு ஊறிப்போயிருந்துச்சு. டிரெயின் பைப் அடைச்சிருந்ததால காயில் தண்ணி கீழ சொட்டாம பெட்டி நிரம்பி உள்ள வழிஞ்சிருக்கு, எத்தனை மாசமோ தெரியல. பைப் வாயில மண்ணும் வேப்பிலைச் சக்கையும் கெட்டியா இறுகிப்போயிருந்துச்சு, அடிலேருந்து மெதுவா எடுத்துவிட்டதும் அப்படியே கொட்டிச்சு. கார்ப்பெட்டை கழட்டி வெயில்ல ரெண்டு நாள் காயவச்சோம். அதனால நான் யாருக்கும் முதல்ல சொல்றது இதுதான், ஏசி போட்டு 15 நிமிஷம் ஓட்டிட்டு வந்து நிறுத்தி அடியில பாருங்க, புழுக்கமான நாள்ல ஒரு சொட்டுகூட விழலைன்னா ஃபில்டர், ஸ்ப்ரே எதையும் வாங்கறதுக்கு முன்னாடி டிரெயினைப் பாருங்க.

வண்டிக்குள்ள வர்ற காத்தை வடிகட்டுற கேபின் ஃபில்டரை மாத்தறது சுலபமான வேலை. நிறைய வண்டில டேஷ்போர்டு பெட்டியைக் கழட்டினா பின்னாடியே இருக்கும், காத்து போற திசைக்கு அம்புக்குறி போட்டிருக்கும், அதைப் பாத்து மாட்டணும். வருஷத்துக்கு ஒரு தடவை, இல்ல 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்திடறது நல்லது. கரி கலந்த ஃபில்டர் கொஞ்சம் விலை அதிகம், ஆனா ஒரு கிராம் ஆக்டிவேட்டட் கார்பன்ல நூத்துக்கணக்கான சதுர மீட்டர் பரப்பு நுண்துளைங்களா மடிஞ்சு கிடக்கு, முன்னாடி போற லாரிப் புகை வாடையை அது நல்லாப் பிடிக்கும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கணும், ஃபில்டர் காயிலுக்கு முன்னாடி இருக்கு, காயில்ல பொறக்கற நாத்தத்தை அது எப்படித் தடுக்கும்?

இதே வழியை மனசுல ஓட்டிப் பாத்தா இன்னொரு தப்பும் புரியும். காத்து புளோயர்லேருந்து கிளம்பி காயிலுக்குப் போயி, அதுக்கப்புறம் ஹீட்டரைத் தாண்டித்தான் நம்ம மூஞ்சிக்கு நேரா இருக்கற ஏசி வென்ட்டுக்கு வரும். நிறைய பேர் கிளீனர் ஸ்ப்ரேயை அந்த வென்ட்டுக்குள்ள அடிக்கறாங்க, நடுவுல அவ்வளவு தடுப்பைத் தாண்டி அது காயிலுக்குப் போய்ச் சேராது. ஃபில்டரை எடுத்துட்டு அந்தப் பொந்து வழியாவோ, டிரெயின் வழியாவோ, காயிலுக்குக் கிட்ட போற வேற துளை வழியாவோ நுரை கிளீனரை உள்ள விட்டு, தகடு தகடா நிரம்பி கரைஞ்சு டிரெயின்ல அழுக்குத் தண்ணியா வெளிய வரணும், அதுதான் வேலை நடந்ததுக்கு சாட்சி. புளோயர் மோட்டார்லயும் வயரிங்லயும் படாம செய்யணும்ங்கறதால கை பழகலைன்னா ஒர்க்ஷாப்ல விடறதே மேல். பாத்ரூம் ஆசிட், பிளீச்சிங் மாதிரி எதையும் தயவுசெஞ்சு ஊத்தாதீங்க, அலுமினியத்தை அரிச்சிடும், தகடு மேல தண்ணி வழிஞ்சு ஓடறதுக்குன்னே பூசியிருக்கற பூச்சும் போயிடும், பூச்சு போனா தண்ணி முன்னைவிட அதிகமா தங்கும், நாத்தம் இன்னும் சீக்கிரம் திரும்பும். சானிடைசர் மாதிரி ஆல்கஹால் அடிச்சிட்டு புளோயரைப் போடறது நெருப்போட விளையாடறது. ஓசோன் மெஷின் வச்சா அன்னைக்கு வாடை தெரியாது, ஆனா அந்த வாயு நுரையீரலுக்கு ஆகாது, வண்டிக்குள்ள இருக்கற ரப்பரையும் கெடுக்கும், பிசின் படலத்துக்கு அடில இருக்கறதை முழுசா கொல்லவும் செய்யாது. பெர்ஃப்யூம் பத்தி சொல்லவே வேணாம், மல்லிகை வாசனைல ஊறின ஈர சாக்ஸ் வாடை எப்படி இருக்கும்னு ரெண்டு வருஷம் அனுபவிச்சோம், வீசிங் இருக்கற குழந்தைக்கு அந்த பெர்ஃப்யூமே தனியா ஒரு தொந்தரவு.

காயிலைக் கழுவினாலும் ஈரம் தங்கினா மறுபடி படலம் வளரத்தான் செய்யும், அதனால நிஜமான வைத்தியம் காயவைக்கறதுதான். வீடு வந்து சேர்றதுக்கு கொஞ்சம் முன்னாடி ஏசி பட்டனை ஆஃப் பண்ணிட்டு ஃப்ரெஷ் ஏர்ல புளோயரை மட்டும் வேகமா ஓடவிடுங்கனு பல பேர் சொல்றது இதுக்குத்தான், சில ஹூண்டாய், கியா வண்டில ஆஃப்டர் புளோன்னு இதையே வண்டி நின்னு தண்ணி வடிஞ்ச பிறகு தானா செய்யும். ஆனா ரெண்டு நிமிஷம் போதும்னு சொல்றதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன், கணக்கு இடிக்குது. மே மாச மத்தியானம், 38 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம்னா ஒரு கன மீட்டர் காத்து காயில்லேருந்து சுமாரா 6 கிராம் தண்ணியை எடுத்துக்கிட்டுப் போகும், மணிக்கு 200 கன மீட்டர் தள்ளுற புளோயர்னா ஒரு டம்ளர் தண்ணி காய பத்து நிமிஷம். அதே 30 டிகிரி, 80 சதவீத மழைக்காலக் காத்து ஒன்றரை கிராம்தான் எடுக்கும், அப்ப நாப்பது நிமிஷம்! அதுமட்டும் இல்ல, அந்தக் காத்து 26 டிகிரிக்கே வேர்க்க ஆரம்பிக்கும், காயில் அதுக்கு மேல சூடேறுற வரைக்கும் காயறதுக்கு பதிலா இன்னும் ஈரம்தான் படியும். இன்னொரு எச்சரிக்கை, மழைல ஓட்டிக்கிட்டிருக்கும்போது இதை செய்யாதீங்க, காயில்லேருந்து கிளம்புற ஈரம் முன்கண்ணாடில பனி மாதிரி படிஞ்சு ரோடே தெரியாமப் போயிடும், தெருவுக்குள்ள வந்தப்புறமோ நிறுத்தினப்புறமோ செஞ்சா போதும்.

மழைக்காலத்துக்கு நான் செய்யறது வேற. வாரத்துக்கு ஒரு நாள், திறந்த வெளில நிறுத்தி, என்ஜின் சூடா இருக்கும்போதே ஏசியை ஆஃப் பண்ணிட்டு ஹீட்டரை முழுசா வச்சு ரீசர்குலேஷனைப் போட்டு, கண்ணாடியை ரெண்டு விரல் அளவு இறக்கிவிட்டு, வெளிய நின்னு பத்து பதினஞ்சு நிமிஷம் ஓடவிடறேன். மூடின கராஜுக்குள்ள மட்டும் இதை செய்யவே கூடாது, கார்பன் மோனாக்சைடு வாடையே இல்லாம ஆளைக் கொல்லும். ரீசர்குலேஷன் எதுக்குன்னா, காத்து போற வழில ஹீட்டர் இருக்கறது கூலிங் காயிலுக்கு அப்புறம்தான், வெளிக்காத்தை இழுத்தா காயில் மேல குளிர்ந்த ஈரக்காத்துதான் படும், உள்காத்தையே சுத்த விட்டாத்தான் சூடான காத்து திரும்ப காயில் வழியா போகும். 24 கிராம் ஈரம் இருக்கற அதே மழைக்காலக் காத்தை 50 டிகிரிக்கு சூடாக்கினா அதோட ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழ இறங்கிடும், மே மாச மத்தியானத்தை வண்டிக்குள்ளயே கொண்டுவந்த மாதிரி. போக வேண்டிய ஈரம் அந்த ரெண்டு விரல் சந்து வழியா வெளிய போயிடும். முதல் தடவை செஞ்சப்ப அந்தச் சந்துல கை வச்சுப் பாத்தேன், இட்லிப் பானை மூடியைத் தொறந்த மாதிரி ஆவி, கூடவே அதே பழைய வாடை, ஒரு எட்டு நிமிஷம் வந்துக்கிட்டே இருந்து அப்புறம் வெறும் சூடான காத்து மட்டும்தான் வந்துச்சு.