குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு அப்பாவுக்கு என்ன ஆகிறது?

தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது, ஈசிஜி எடுத்தால் ஒன்றும் இல்லை என்கிறார்கள். என்னிடம் வரும் இளம் அப்பாக்கள் பலர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். வீட்டில் கைக்குழந்தை இருப்பதே நான் கேட்ட பிறகுதான் தெரியவரும்.

பிரசவத்துக்குப் பின் தாய்க்கு வரும் மனச்சோர்வைப் பற்றி இப்போது ஓரளவு பேசுகிறோம். அது அப்பாவுக்கும் வரும். 2010இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வு, பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. மனைவி கர்ப்பமானதிலிருந்து குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை, சுமார் பத்து அப்பாக்களில் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்தது. அதிலும் பிறந்த 3 முதல் 6 மாதத்தில்தான் அதிகம்.

நம் ஊர் வழக்கத்தோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். வளைகாப்பு முடிந்ததும் மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் துணைக்குப் பெரும்பாலும் பெண் ஒருவரைத்தான் விடுகிறார்கள். கணவர் வெளியே நிற்கிறார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியார் வீட்டில் விருந்தாளி. குழந்தையைத் தூக்கினால், "கழுத்து நிக்கல மாப்ள, குடுங்க" என்று யாராவது வாங்கிக்கொள்வார்கள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வரும்போது, அவளுக்குக் குழந்தை பழகியிருக்கிறது, இவருக்கு ஒன்றுமே தெரியாது. இவர் தூக்கினால் குழந்தை வீறிடுகிறது. மனைவியின் சம்பளம் நின்றிருக்கலாம், ஆஸ்பத்திரிக் கடன் இருக்கலாம். ராத்திரித் தூக்கமும் போய்விடுகிறது.

ஆண்களிடம் இந்தச் சோர்வு அழுகையாக வெளிப்படுவது குறைவு. சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்துவிழுவார்கள். வேலை முடிந்தும் வீட்டுக்குக் கிளம்ப மனம் வராது. குடி கூடும். "புள்ள அழுதா பாசம் வரல டாக்டர், கோபம்தான் வருது, நான் நல்லவனே இல்லையோ" என்று தலைகுனிந்து சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர்கள் கெட்டவர்கள் இல்லை. பாசம் சிலருக்கு முதல் பார்வையில் வராது. குளிப்பாட்டி, ஏப்பம் விட வைத்து, துணி மாற்றி, தோளில் தூங்கவைத்துத்தான் வரும். அந்த வாய்ப்பைத்தான் நாம் அவர்களிடமிருந்து வாங்கிவைத்துக்கொள்கிறோம். மாமியார்களே, அம்மாக்களே, தயவுசெய்து குழந்தையை அவர் கையிலும் கொடுங்கள்.

கோபம் தலைக்கேறினால் குழந்தையைப் பத்திரமான இடத்தில் படுக்கவைத்துவிட்டு, வீட்டில் யாரையாவது கூப்பிட்டுவிட்டு, ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள். எந்த நிலையிலும் குலுக்காதீர்கள். பச்சிளங்குழந்தைக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போனால் டாக்டரைப் பாருங்கள். மனைவிக்கும் சோர்வு இருந்தால் இன்னும் சீக்கிரம், இருவருமாகவே வாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணமோ, குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவோமோ என்ற பயமோ வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

குழந்தை மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். 6, 10, 14ஆவது வாரத் தடுப்பூசிகளுக்கு அப்பாவும் வருகிறார். "நீங்க தூங்குறீங்களா?" என்று அவரையும் கேளுங்கள்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். தனியார் துறைக்கு அப்படி ஒரு சட்டம் இன்னும் இல்லை, வர வேண்டும். எத்தனை நாள் கிடைத்தாலும், முடிந்தால் தாயும் பிள்ளையும் உங்கள் வீட்டுக்கு வரும் வாரத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.