லேஅவுட்: பிரிப்பதா, போடுவதா?

போன வருஷம் வரை சோளம் நின்ற காடு. இன்றைக்கு அதே இடத்தில் செம்மண் சாலை, வெள்ளையடித்த மனைக்கல், காற்றில் படபடக்கும் முக்கோணக் கொடிகள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துச் சொல்கிறார்: "இங்கேயும் பிளாட் போட்டுட்டாங்களா!" ஆனால் நுழைவாயில் வளைவில் எழுதியிருப்பது 'லேஅவுட்'. நகரமைப்பு அலுவலகக் கோப்பில் அது 'மனைப்பிரிவு'. ஒரே நிலத்துக்கு மூன்று பெயர். இதில் லேஅவுட்டுக்குத் தமிழில் எது பொருந்தும்?

ஆங்கிலத்தில் 'லே' என்றால் கிடத்து, போடு. 'அவுட்' சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும்படி விரித்து வைப்பது. துணிமணியை எடுத்துப் பரப்புவது, தோட்டத்துக்குப் பாதையும் பாத்தியும் வகுப்பது, இறந்தவரைக் கிடத்துவது எல்லாவற்றுக்கும் இதே வினைதான். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் 'ஃபேரோ' என்ற சூதாட்டத்தில் சீட்டுப் படங்கள் போட்ட விரிப்புக்கும் லேஅவுட் என்றே பெயர். (அங்கீகாரம் இல்லாத மனையில் பணம் போட்டவர்கள் இதைக் கேட்டால் தலையாட்டுவார்கள்.) பெங்களூரில் இந்தச் சொல் ஊர்ப் பெயராகவே ஒட்டிக்கொண்டது: எச்.எஸ்.ஆர். லேஅவுட், பி.டி.எம். லேஅவுட். கன்னடத்தில் அதற்கு 'படாவணெ' என்ற சொல் இருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். 'மனை' நல்ல பழைய சொல். நிலைத்திருத்தல் என்று பொருள்படும் 'மன்' என்ற வேரோடு சேர்த்துச் சொல்வார்கள். கன்னடத்தில் 'மனெ' இன்றும் வீடுதான். மலையாளத்தில் 'மன' நம்பூதிரி இல்லம். குறளில் 'மங்கலம் என்ப மனைமாட்சி' என்னும்போது மனை என்பது வீடும் அதில் நடக்கும் குடும்பமும் சேர்ந்தது; மனைவி, மனையறம் எல்லாம் அந்த வழி வந்தவை. இப்போது சுவர்கூட இல்லாத 1200 சதுர அடி மண்ணுக்கு மனை என்கிறோம், 'காலிமனை' என்றும் பத்திரத்தில் எழுதுகிறோம். சங்கப் புலவர் கேட்டால் ஆள் காலி செய்துவிட்டுப் போன வீடு என்று நினைத்திருப்பார். இன்னொன்று: விளம்பரத் தட்டியில் இதை 'மணை' என்று எழுதிவிடுகிறார்கள். அது உட்காரும் பலகை.

எனக்கு இடிப்பது 'பிரிவு' என்ற பாதி. தமிழ்நாட்டு வளர்ச்சி விதிகளில் நிலத்தை எட்டுக்கு மேற்பட்ட மனைகளாகப் பிரித்தால் அது லேஅவுட். அதற்குள் இருந்தால் உட்பிரிவு. ஆக சட்டமே எண்ணிக்கையில்தான் பிடித்துக்கொள்கிறது. ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. இடம் 3000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதம் பூங்கா, விளையாட்டிடம் போன்ற திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். சாலைகளைத் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு வெறுமனே துண்டு போட்டு விற்றதால்தான், அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அப்புறம் 2017இல் அந்த மனைகளை ஒழுங்குபடுத்தும் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளுக்கு வழி திறந்தது. அந்த மனைகளும் 'பிரிவு' தாம். சாலையும் வடிகாலும் சேர்ந்த முழு ஏற்பாடாக அவை இல்லை.

ஏற்பாடு என்றால் என்ன என்று பார்க்க தியாகராய நகருக்குப் போகலாம். 1920இன் சென்னை நகரமைப்புச் சட்டத்தைப் பின்தொடர்ந்து, 1923 வாக்கில் நகரத்தின் மேற்கு ஓரமாயிருந்த மாம்பலத்தில் தொடங்கிய விரிவு அது. பனகல் பூங்காவை நடுவில் வைத்து அதிலிருந்து சாலைகளைப் பிரித்துவிட்டார்கள். வீடுகள் பிறகுதான் நிரம்பின. இன்றைய கூட்டத்தில் அந்தக் கோலத்தைத் தரையில் நின்று கண்டுபிடிப்பது கஷ்டம். வரைபடத்தில் பளிச்சென்று தெரியும். இப்படி ஊரை ஒட்டி முழுத் திட்டமாக வளர்வதற்கு 'விரிவு' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது: 'அண்ணா நகர் மேற்கு விரிவு'. பெரிய திட்டங்களுக்கு இதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

வினைக்கு 'வகுத்தல்' பொருத்தம். ஆனால் 'மனை வகுப்பு' என்று பெயராக்கினால் டியூஷன் போர்டு மாதிரி ஆகிவிடும். அதைவிட பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னதே மேல். கோலம் போடு, பாய் போடு, ரோடு போடு, மனை போடு: 'லே' என்ற வினையின் பொருளை எந்தக் குழுவும் உட்கார்ந்து பேசாமலே ஜனங்கள் பிடித்துவிட்டார்கள். அவர் சொன்ன 'பிளாட்'டை மட்டும் மாற்றினால் போதும். மனைக்கும் பிளாட், அடுக்குமாடி வீட்டுக்கும் பிளாட் என்று ஆனதில் விளம்பரம் பார்க்கிறவர் எதற்கு முன்பணம் கொடுக்கிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பத்திரத்தில் 'மனைப்பிரிவு' இருக்கட்டும், சட்டத்தோடு வாதாட முடியாது. லேஅவுட் என்றே சொல்லப்படும் வரைபடத்தை 'மனைப்பிரிவு வரைபடம்' என்று பிரித்துச் சொன்னால் குழப்பம் இல்லை. மற்றபடி பத்திர எழுத்தருக்கு என்றைக்குமே இங்கிலீஷ் தேவைப்பட்டதில்லை. செக்குபந்தி, அதாவது மனையின் எல்லை விவரம், எழுதும்போது பாருங்கள்: "கிழமேல் அடி 30, தென்வடல் அடி 40, ஆக 1200 சதுர அடி."