விண்வெளிக்கு டிக்கெட் எடுக்கிறீர்களா? முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

அமெரிக்காவில் தனியார் விண்கலத்தில் போகிறவர்களை ஏமாற்றுவது ஒரே ஒரு சொல்: லைசென்ஸ். அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. லைசென்ஸ் கொடுத்திருந்தால் கலத்தைச் சோதித்துத்தான் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துவிடுகிறோம். அந்த லைசென்ஸ் கீழே இருக்கும் பொதுமக்களின் உயிரையும் உடைமையையும் காக்கத்தான். உள்ளே உட்காரும் உங்களுக்காக அல்ல. டவுன் பஸ்ஸுக்கே எஃப்.சி. கேட்கிறோம், இதற்கு அப்படி ஒன்று கிடையாது.

தொழில் வளரட்டும் என்று 2004-இல் போட்ட சட்டம்தான் காரணம். யாராவது செத்தோ, பலத்த காயம் பட்டோ, அதற்கு மிக அருகில் போயோ இருந்தால்தான் பயணிக்காக எஃப்.ஏ.ஏ. விதி போடலாம். 2012-இல் முடிய வேண்டிய இந்தத் தடையைத் தள்ளித் தள்ளி 2028 ஜனவரி 1 வரை கொண்டுவந்துவிட்டார்கள்.

சோதனைக்கு விதியே இல்லையா என்றால், எஃப்.ஏ.ஏ. விதித்தொகுப்பின் பகுதி 460-இல் ஒன்று இருக்கிறது. பயணியை ஏற்றும் முன் கலத்தைப் பறக்கவிட்டுச் சரிபார்க்க வேண்டும். எத்தனை முறை? அதைச் சொல்லவில்லை. ஆபத்தில் தப்பிக்கும் அமைப்பும் கட்டாயமில்லை.

'நாசாவே சான்று கொடுத்திருக்கிறது' என்பார்கள். எந்தக் கலத்துக்கு என்று கேளுங்கள். நாசா வீரர்களை ஏற்றிச் செல்லும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் க்ரூ டிராகன் கலம் 2019 ஏப்ரலில் தரைச் சோதனையில் வெடித்தது. 2020 ஜனவரியில் நடுவானில் தப்பிக்கும் சோதனையில் தேறிய பிறகுதான் ஆள் ஏறினார்கள். தன் வீரர்களை அனுப்புவதற்காக நாசா கறாராக இருந்தது. சில நிமிடம் மேலே போய் இறங்கும் கலங்களுக்கு அந்தச் சான்று பொருந்தாது.

அப்படிச் சில நிமிடம் போய்வரும் வகையைச் சேர்ந்த ஸ்பேஸ்ஷிப்டூ கலம் 2014 அக்டோபரில் சோதனைப் பறப்பில் உடைந்து துணை விமானி இறந்தார். விமானி தவறு செய்தால் என்ன ஆகும் என்ற ஆய்வில் குறை இருந்தும் எஃப்.ஏ.ஏ. அந்த விதியிலிருந்து விலக்கு கொடுத்திருந்தது, அதுவும் நிறுவனம் கேட்காமலே. விபத்து விசாரணை அறிக்கையும் இதைச் சுட்டிக்காட்டியது.

ஆகவே கையெழுத்தில் கவனம். 'இந்தக் கலம் பாதுகாப்பானது என்று அரசு சான்றளிக்கவில்லை' என்பதை, பணம் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் தர வேண்டும். முன்பணத்தை வாங்கிக்கொண்டு 'படிவம் அப்புறம் வரும்' என்றால் கட்டாதீர்கள். கலத்தின் விபத்து வரலாற்றைக் கேளுங்கள். வாய்விட்டுக் கேள்வி கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அரசு மீது வழக்குப் போட மாட்டேன் என்று எழுதி வாங்குவார்கள். நிறுவனத்தின் பொறுப்பைக் குறைக்க ஃபுளோரிடா, டெக்சாஸ், நியூ மெக்சிகோவில் தனிச் சட்டமே இருக்கிறது. படிவத்தை வக்கீலிடம் காட்டுங்கள். ஆயுள் காப்பீடு விண்பயணத்துக்குச் செல்லுமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்ட் வாய்ப்பேச்சு போதாது.