டர்பனிலிருந்து ஊர் தேடி வருகிறவர்களிடம் முதலில் எதைக் கேட்பது?

"எங்கள் கொள்ளுத் தாத்தா மெட்ராஸ்காரர். பெயர் முனுசாமி. 1890 வாக்கில் கப்பல் ஏறினார்." தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் விசாரணைகள் பெரும்பாலும் இந்த அளவோடு நின்றுவிடும். பழைய குடும்ப ஆவணங்களைத் தேடித் தருவது என் தொழில், அதனால் எனக்கு இப்படிக் கடிதம் வருவது வழக்கம்தான். இப்போது முகநூல் வழியாக ஊர்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும் கோயில் தர்மகர்த்தாக்களுக்கும் வி.ஏ.ஓ.க்களுக்கும்கூட வருகிறது. அவர்களும் நல்ல மனதோடு உதவப் போய், வந்தவரைச் சம்பந்தமே இல்லாத ஊரில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள்.

உங்களிடம் யாராவது அப்படிக் கேட்டால் ஊர்ப்பெயரைக் கேட்காதீர்கள். "காலனி எண் இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை, டர்பன் இருக்கும் நெட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். இறங்கியதும் கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். அதுதான் காலனி எண். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் என்று வரிசையாக எழுதியிருக்கும். ஒப்பந்தம் முடிந்து கொடுத்த சான்றிலும், பதிவான திருமணத்திலும், பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும் வழக்கமாக அதே எண்தான் வரும். முனுசாமி என்ற பெயரில் பட்டியலில் எத்தனையோ பேர் இருப்பார்கள். எண்ணுக்கு ஒருவர்தான்.

அந்த எண்ணைத் தேட வேண்டிய இடம் தமிழ்நாடு இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் பலருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கிறது. ஊரை விட்டுப் போன கூலியைப் பற்றி ஊரில் யாரும் எழுதி வைக்கவில்லை. அவரை வேலைக்கு எடுத்த அரசாங்கம்தான் எழுதி வைத்தது. கூலிகளின் விவகாரங்களைக் கவனித்த 'இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர்' என்ற நெட்டால் அதிகாரியின் அலுவலகக் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. கப்பல் பட்டியல்களை டர்பனில் குவாசுலு-நெட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் கணினியில் ஏற்றியிருக்கிறது. விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே வேலையில் முக்கால்வாசியை அங்கேயே முடித்துவிடலாம்.

எண் தெரியாவிட்டால் பின்னாலிருந்து போக வேண்டும். தென்னாப்பிரிக்காவில் ஒருவர் இறந்தால் இறப்புச் சான்றிதழ் தவிர, சொத்து விவகாரத்துக்காக வாரிசுகள் நிரப்பித் தரும் இறப்பு அறிவிக்கை என்று தனியாக ஒரு தாள் உண்டு. பெற்றோர், துணைவர், பிள்ளைகள் எல்லோரும் அதில் வருவார்கள். தாத்தாவிலிருந்து கொள்ளுத் தாத்தாவுக்குப் போக இதைவிட நல்ல படி கிடையாது. ஆனால் பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'இந்தியா' என்று மட்டும் இருக்கும். நிரப்பிய மகனுக்கு அதற்கு மேல் தெரியாது, பாவம்.

நெட்டாலின் 1897 குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு ஊருக்குப் போய்த் திரும்ப நினைத்தவர்கள் தாங்கள் நெட்டால்வாசிகள்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்தக் கோப்புகளில் கைரேகை இருக்கலாம், பிந்தையவற்றில் புகைப்படமும் கிடைக்கலாம். கொள்ளுப் பாட்டியின் முகத்தை முதல்முறையாக ஒரு குடும்பம் பார்ப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

எண் கிடைத்ததும் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மேலே பத்து எண், கீழே பத்து எண் பாருங்கள். கணவன், மனைவி, பிள்ளை, தம்பி பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில் வருவார்கள். பக்கத்துக் கிராமத்து ஆட்களும் கூட்டமாக வந்திருக்கலாம். கிராமத்தின் பெயரை எழுத்தர் தாறுமாறாக எழுதியிருந்தால் பக்கத்து வரியில் சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. தனியாக வந்த பெண்ணைப் பார்த்ததும் "அப்படி இருக்காது, எங்கள் பாட்டி கணவரோடுதான் வந்திருப்பார்" என்று சிலர் பட்டியலையே மறுப்பார்கள். தனியாகக் கப்பல் ஏறிய பெண்கள் ஏராளம். மறைக்க அதில் ஒன்றும் இல்லை.

சாதிக் கட்டத்தில் 'மலபார்' என்று கண்டால் கேரளாவுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அன்றைய எழுத்தர்கள் தமிழர்களையும் அப்படி எழுதியதுண்டு. குடும்பக் கதையில் வரும் 'மெட்ராஸ்' என்பதும் சொந்த ஊராக இருக்க வேண்டியதில்லை. அது கப்பல் ஏறிய துறைமுகம்.

இனி ஊர். 'சேலம் ஜில்லா, திருப்பத்தூர்' என்று பட்டியலில் இருந்தால் சேலத்துக்குப் போய்ப் பயனில்லை, சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூருக்கும் போகக் கூடாது. அன்று சேலத்தில் இருந்த திருப்பத்தூர் 1911இல் வட ஆற்காட்டுக்கு மாறி, பிறகு வேலூர் மாவட்டமாகி, 2019இல் தனி மாவட்டமாகிவிட்டது. 'வட ஆற்காடு, சித்தூர்' இன்று ஆந்திரா. புதூர், பாளையம், நல்லூர் போன்ற பெயர்களுக்குக் கணக்கே இல்லை, தாலுகா தெரியாமல் தேடுவது வீண். குலதெய்வத்தின் பெயரை அந்தக் குடும்பம் மறக்காமல் வைத்திருந்தால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

எண் இல்லாதவர்களும் உண்டு. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வியாபாரத்துக்குப் போனவர்கள் கூலிப் பட்டியலில் வரமாட்டார்கள். தில்லையாடி வள்ளியம்மையின் தகப்பனார் முனுசாமி முதலியாரும் வியாபாரிதான். இவர்களைக் குடியேற்றக் கோப்புகளில் தேட வேண்டும்.

சரி, ஊர் உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து எல்லோரும் ஓடுவது பட்டா, அ-பதிவேடு பார்க்க. போனவர்களில் பலருக்குக் காணி நிலம்கூடக் கிடையாது, பிறகு எப்படிப் பதிவேட்டில் பெயர் இருக்கும்? அதோடு, நிலப் பதிவேட்டைக் கேட்ட நிமிடமே ஊரில் பேச்சு மாறிவிடும். "பங்கு கேட்க வந்திருக்கிறார்களோ?" என்ற சந்தேகம் வந்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் முதலில் வயதானவர்களிடம் "உங்கள் வீட்டில் யாராவது நெட்டாலுக்குப் போய்த் திரும்பாமல் இருந்தார்களா?" என்று மட்டும் கேட்பேன். தகப்பன் பெயரை நானாகச் சொல்லமாட்டேன், அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும். நாம் முதலில் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் அந்தப் பெயர் ஞாபகம் வந்துவிடும்.

வந்த விருந்தாளியைக் கையோடு சொந்தக்காரர் ஆக்கிவிடும் தரகர்களும் இருக்கிறார்கள். மாலை, மேளம், ஒரு 'சித்தப்பா', கடைசியில் ஒரு பெரிய பில். இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு இந்தியர் (ஓ.சி.ஐ.) அட்டைக்குக் கொள்ளுப் பேரப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம் என்றானதும் அவசரக்காரர்கள் கூடியிருக்கிறார்கள், தரகர்களும் கூடியிருக்கிறார்கள். கப்பல் பட்டியலின் நகலைக் காட்டாமல் "ஊரைக் கண்டுபிடித்துவிட்டோம்" என்று சொல்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம் என்று உங்களிடம் கேட்பவர்களுக்குச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே நெட்டால் முத்திரையோடு ஒரு பழைய உறையோ பணம் அனுப்பிய ரசீதோ கிடந்தால், முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், பழைய தாள் அதில் கெட்டுவிடும்.