வெப்பப்பாடு: 'ஹீட் ஸ்ட்ரெயின்' என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

2019 உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை தோஹாவில் நள்ளிரவை ஒட்டித்தான் தொடங்கினார்கள். பகல் வெயிலுக்கு அஞ்சி வைத்த நேரம். அப்படியும் வெப்பம் 30 டிகிரிக்கு மேல். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேர் பாதியில் நின்றுவிட்டார்கள்.

அத்தனை பேருக்கும் ஒரே சாலை, ஒரே புழுக்கம். வெளிச்சூடும், ஓடும் தசைகள் கிளப்பும் சூடும் சேர்ந்து உடல்மேல் ஏறுவது 'ஹீட் ஸ்ட்ரெஸ்'. அதைத் தாங்க உடல் படும் அவதி 'ஹீட் ஸ்ட்ரெயின்'. நாமோ இரண்டையும் 'வெப்ப அழுத்தம்' என்றே எழுதிவிடுகிறோம். எது காரணம், எது விளைவு என்பது அங்கேயே தொலைந்துவிடுகிறது.

இறுக்கி இழுத்தல் என்ற பொருளுள்ள 'ஸ்டிரிங்கெரே' என்ற லத்தீன் வினை, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெயின்' ஆனது. 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின் அதற்குக் கறாரான பொருள் கொடுத்தார்: பொருளுக்குள் எழும் விசை ஸ்ட்ரெஸ், அதனால் வடிவம் மாறுவது ஸ்ட்ரெயின். நம் இயற்பியல் பாடநூலில் இவை தகைவு, திரிபு.

அப்படியானால் 'வெப்பத் திரிபு' என்றே சொல்லலாமே? இரும்புக் கம்பிக்குச் சரி, மனித உடம்புக்கு ஒட்டவில்லை. கொரோனாவுக்கு அப்புறம் திரிபு என்றாலே வைரஸ்தான் நினைவுக்கு வருகிறது. இத்தனைக்கும் வைரஸைக் குறிக்கும் 'ஸ்ட்ரெயின்' பழைய ஆங்கிலத்தில் வேர்கொண்ட, வம்சம் என்ற பொருளுள்ள வேறொரு சொல். எழுத்து மட்டும்தான் ஒன்று.

நம் பேச்சிலேயே விடை இருக்கிறது. "வெயில் பாடாப் படுத்துது" என்கிறோம். படுத்துவது வெயில், படுவது உடல். 'படு' என்ற வினையிலிருந்து பிறந்த 'பாடு' உழைப்பையும் குறிக்கும், துன்பத்தையும் குறிக்கும். வெயிலில் ஓடுகிறவரிடம் இரண்டுமே உண்டு. ஆகவே ஸ்ட்ரெஸ்ஸை வெப்பச் சுமை என்றும், ஸ்ட்ரெயினை வெப்பப்பாடு என்றும் சொல்லலாம் என்பது என் பரிந்துரை.

சுமையை அளக்க வெப்பமானிகள் போதும். குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதில் 70 சதவீதம், வெயிலை வாங்கும் கறுப்பு உருண்டைக்குள் வைத்த வெப்பமானி காட்டுவதில் 20, சாதாரண வெப்பமானி காட்டுவதில் 10 என்று கூட்டும் முறை 1950களில் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களுக்காக வந்தது.

வெப்பப்பாட்டை அளக்க உடலுக்குள் போக வேண்டும். 1998இல் உடலியல் ஆய்வாளர் மோரானின் குழுவினர் தந்த குறியீடு, மலக்குடல் வெப்பத்துக்கும் நாடித்துடிப்புக்கும் தலா 5 என்று சேர்த்து 0 முதல் 10 வரை மதிப்பிடுகிறது. ஓய்வில் 37 டிகிரி, 60 துடிப்பு இருந்த ஒருவர் ஓட்டத்தில் 38.5 டிகிரி, 150 துடிப்பைத் தொடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உச்ச வரம்புகள் 39.5 டிகிரியும் 180 துடிப்பும். வெப்பம் 2.5 டிகிரி ஏற இடமிருந்ததில் 1.5 ஏறியிருக்கிறது; 5க்கு 3. துடிப்பு 120 ஏற இடமிருந்ததில் 90 ஏறியிருக்கிறது, 5க்கு 3.75. மொத்தம் 6.75, கடுமையான வெப்பப்பாட்டின் வாசல்.

பக்கத்தில் அதே வேகத்தில், அதே சுமையில் ஓடும் இன்னொருவருக்கு இது 4 ஆகவும் இருக்கலாம். வெயிலுக்குப் பழகிய உடல் சீக்கிரமே வியர்க்கும், நிறைய வியர்க்கும்.

விழுங்கும் மாத்திரை வடிவ வெப்பமானியும் இப்போது உண்டு. நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதை மட்டும் நம்பவே கூடாது. வியர்வையில் நனைந்த தோல் கைக்குக் குளிர்ச்சியாகத் தெரியும்போதே உள்ளே 40 டிகிரி தாண்டியிருக்கலாம்.